பச்சை உடம்புக்கு வேண்டியது

— அக்கா, காலை கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க. கதவு மூட மாட்டேங்குது.

— எங்கிட்டு இழுக்குறது மாப்ள? காலுக்குக் கீழ சுடுதண்ணி பிளாஸ்க்கு, மடியில தலகாணி, முதுகுக்குப் பின்னால என்னமோ குத்துது. பின் சீட்டுல ஒரு பூனை படுக்க எடமில்ல. இது காரா, இல்ல பாசார்ல துணி விக்கிற வேனா?

— குத்துறது நாற்காலி காலுக்கா. விமலா உக்காந்து குளிக்க வாங்குனேன். வயித்துல தையல் இருக்கு, குனியக் கூடாது, ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு வார்டுல பாத்துக்குற மிஸ்ஸி சொன்னாங்க.

— நாற்காலி சரி. தலகாணி எதுக்கு? உங்க வீட்டுல இல்லாத தலகாணியா?

— அது இருமும்போது வயித்தோட சேத்துப் புடிச்சிக்க. சின்னதா, கெட்டியா இருக்கணும். வீட்டுல இருக்குறது எல்லாம் பெருசு.

— ஐய, இப்படிப் பாத்துப் பாத்து வாங்குற ஆம்பளைய எங்க சுங்கை சோ பக்கம் நான் பாத்ததே இல்ல லா. நான் ரெண்டு பெத்தேன். எங்க வீட்டுக்காரரு ஒரு பூண்டு உரிச்சுக் குடுத்ததில்ல. புள்ள பொறந்துருச்சுன்னு சொன்னதும் கூட்டாளிங்களோட போனவரு, மறுநாள்தான் வந்து என்ன புள்ளைன்னு கேட்டாரு. சரி சரி, வண்டிய எடுங்க. மூணு மணிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகணும்னு வார்டுல சொல்லியிருக்காங்க.

— இப்பதான் மணி பத்து ஆவுது.

— பத்துன்னா பத்துதான். நீங்க எடுங்க. என் தங்கச்சி அஞ்சு நாளா அந்தக் கட்டில்ல கெடக்குறா. புள்ளைய வேற ஒரு கையில வச்சிக்கிட்டு, எப்படா வீட்டுக்குப் போவோம்னு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா.

— ம்.

— என்ன ம்? மாப்ள... மாப்ள, ஆத்துப் பாலத்த ஏன் தாண்டுறீங்க? ஆஸ்பத்திரி கிள்ளான் பக்கம் இருக்கு. நாம அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போறோம்.

— விரால் ஒண்ணுதான் பாக்கி அக்கா. மலாய்க்காரங்க ஆருவான்னு சொல்வாங்கல்ல, அந்த மீனு. அறுத்த புண்ணு உள்ளுக்குள்ள ஆற அதான் நல்லதாம். சுங்கை பஞ்சாங்குல சேதுன்னு என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், வயக்காட்டு வாய்க்கால்ல புடிச்சு எனக்காக உசுரோட வச்சிருக்கான்.

— சுங்கை பஞ்சாங்கா! போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஏன், கோலா சிலாங்கூர் பாசார்ல விரால் இல்லியா? நானே பாத்தேனே, தொட்டியில நெளிஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சு.

— அது வளப்பு மீனு. வாய்க்கால் மீன்தான் வேணும்.

— எவ சொன்னா?

— விமலாதான். நேத்து போன்ல சொன்னா.

— அவளா? கருவாடு வாசம் வந்தாலே மூக்கப் பொத்துறவ, விரால் எங்க பொறந்துச்சு வளந்துச்சுன்னு கேக்குறாளா?

— பெத்த ஒடம்பு அக்கா. ஆசைப்பட்டுக் கேக்குறா. வாங்கிக் குடுத்துட்டுப் போவோமே.

— வாங்குங்க, வேணாங்கல. பச்ச ஒடம்புக்கு எது கேட்டாலும் குடுக்கணும்தான். ஆனா கொஞ்சம் வெரசா ஓட்டுங்க. முன்னால போற லோரிக்கு வழி விட்டுக்கிட்டே போனீங்கன்னா பொழுது போயிரும்.

— செம்பனைப் பழ லோரி அக்கா. நானும் அதான ஓட்டுறேன். பின்னால வந்து ஆரன் அடிச்சா எவ்ளோ எரிச்சலா இருக்கும்னு எனக்குத் தெரியும்.

— உங்க போன் அடிக்குது. விமலா பேருதான் வருது. ஸ்பீக்கர்ல போடவா?

— போடுங்க. ஹலோ! விமலா! சொல்லும்மா!

— ஏங்க, எங்க இருக்கீங்க?

— தஞ்சோங் காராங் தாண்டப் போறேன். விராலுக்குத்தான் போயிட்டு இருக்கேன். உன் அக்காவும் கூட இருக்காங்க. நாற்காலி வாங்கிட்டேன், தலகாணி வாங்கிட்டேன், முன்னால பட்டன் வச்ச நைட்டி நாலு, கைலி ஆறு, அந்த மூக்கு நீட்டமா இருக்குற கழுவுற போத்தல், மலச்சிக்கலுக்கு மருந்து, எல்லாம் ஆச்சு. பூண்டு மூணு கிலோ.

— மூணு கிலோவா...

— நாப்பது நாளைக்கு வேணும்ல!

— சரிங்க. ஏங்க, வெளக்கெண்ணெய் வாங்குனீங்களா?

— வெளக்கெண்ணெய்... இல்லியே. வேணுமா?

— வேணும். பாட்டில்ல விக்கிறது வேணாம். செக்குல ஆட்டுனதா கெடைக்குதான்னு பாருங்க. செக்கிஞ்சான்ல ஏதாச்சும் கடையில இருக்கும்.

— பாக்குறேன், பாக்குறேன். போற வழியில எல்லாக் கடையிலயும் பாக்குறேன். வச்சிரவா?

— ம். மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல.

— சரி சரி. வைக்கிறேன்.

— மாப்ள.

— சொல்லுங்க அக்கா.

— போன்ல பேசுனது உங்க பொண்டாட்டியா, இல்ல கடைக்கு ஆர்டர் குடுக்குற மொதலாளி தவுக்கேயா?

— ஏன் அக்கா?

— ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ராத்திரி தூங்குனியா, புள்ள பால் குடிச்சிச்சா, தையல் வலிக்குதான்னு ஏதாச்சும் கேட்டீங்களா? பூண்டு மூணு கிலோன்னு சத்தமா சொன்னீங்க. அதான் கேட்டுச்சு.

— காலையில கேட்டேன்.

— நேத்து வார்டுக்குப் போனப்பவும் நான் பாத்தேன். பேசக் கூடாது, வந்த மொத நாளே மாப்ளையக் கொற சொல்றான்னு ஆயிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கட்டில் தலமாட்டுல நாற்காலி போட்டிருக்கு. நீங்க கால்மாட்டுல நின்னுக்கிட்டு, பைய அவுத்து ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறீங்க. அவளும் ஒவ்வொண்ணாப் பாத்துத் தலையாட்டுறா. ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. வேடிக்கை பாத்த எனக்கே வெக்கமாப் போச்சு.

— அப்படியெல்லாம் இல்ல அக்கா.

— அப்ப எப்படி? நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. பொட்டப்புள்ளையாப் போச்சேன்னு மனசுல ஏதாச்சும் இருக்கா?

— அக்கா! சத்தியமா இல்ல. பொண்ணுதான் வேணும்னு நான்தான் கேட்டேன். ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, லோரியில கூட வந்தவன் எல்லாத்துக்கும் நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். வேணும்னா எங்கள வேல வாங்குற மண்டோரக் கேளுங்க.

— பின்ன என்ன? நாலு வருஷம் காத்துக் கெடந்து பொறந்த புள்ள. தங்கம் மாதிரி இருக்கு. உங்க மூக்கு, அவ நெத்தி. ஒரு அப்பன் எப்படி இருக்கணும்? நீங்க என்னன்னா திருடிட்டு வந்தவன் மாதிரி முழிக்கிறீங்க.

— தூக்கம் இல்ல அக்கா. அதான்.

— தூக்கம் இல்லாதவன் சுங்கை பஞ்சாங் வரைக்கும் வண்டி ஓட்ட மாட்டான். சரி, விடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் கண்ணாடிய ஏத்துங்க, பேடு பாக்கெட்டு நனைஞ்சிரும். பெரிய பேடு எத்தன பாக்கெட்டு வாங்கியிருக்கீங்க?

— பன்னெண்டு.

— பன்னெண்டா! இதையும் அவதான் கேட்டாளா?

— இல்ல. நானா வாங்குனது. மொத நாள் ஆறு, அப்புறம் கடையில மலிவு போட்டிருந்தான், இன்னொரு ஆறு.

— எனக்கு அதுலதான் ஒண்ணு புரியல மாப்ள. சொல்லலாமா வேணாமான்னு பாத்தேன். நீங்க புருசன்தான, சொன்னா என்ன. நேத்து அவளுக்கு நான்தான் தொடச்சு துணி மாத்திவிட்டேன். பேடு சுத்தமா இருக்கு. ஒரு பொட்டுதான். வயித்த அறுத்துப் புள்ளைய எடுத்தாலும் தீட்டு போவத்தான செய்யும்? ரெண்டு வாரம், மூணு வாரம் போவும். எனக்கெல்லாம் மாசக்கணக்குல போச்சு. இவளுக்கு அஞ்சாம் நாளே ஒண்ணுமில்ல. என்னடி இதுன்னு கேட்டேன். "நின்னுருச்சு அக்கா"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

— திரும்பிக்கிட்டாளா?

— ஆமா. உள்ளுக்குள்ள ஏதும் கட்டிக்கிட்டு நிக்குதோன்னு எனக்குப் பயம். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நானே கேக்கப்போறேன்.

— கேக்காதீங்க.

— ஏன் கேக்கக் கூடாது?

— எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க அக்கா. நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்.

— ஐய, எதுக்கு இப்ப சத்தம் போடுறீங்க? சரி, கேக்கல லா. மிச்சம் இருந்தா இருக்கட்டும். ஒரு டப்பாவுல போட்டு மேல ஏத்தி வச்சிருங்க. தொட்டில், போத்தல், இந்த நாற்காலி, எதையும் யாருக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க. அடுத்ததுக்கு ஆவும். நீங்கதான் நாலு புள்ள, நாலு புள்ளைன்னு கல்யாணத்துலயே மைக்கப் புடிச்சு சொன்ன ஆளாச்சே.

— அடுத்தது இல்ல அக்கா.

— இப்ப அப்படித்தான் இருக்கும். பொண்டாட்டி பட்ட பாட்டப் பாத்த ஆம்பளைங்க எல்லாரும் மொத ஆறு மாசம் இதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் பாருங்க...

— வேணாம்னு சொல்லல. இல்லன்னு சொல்றேன்.

— என்ன மாப்ள சொல்றீங்க?

— எடுத்துட்டாங்க அக்கா.

— எத?

— கர்ப்பப்பைய.

— எப்ப மாப்ள? எதுக்கு?

— ஞாயித்துக்கெழம மத்தியானம் புள்ளைய எடுத்தாங்க. புள்ளைய என்கிட்ட காட்டுனாங்க. நான் சிரிச்சேன், போட்டோ புடிச்சேன், உங்களுக்குக்கூட அனுப்புனேன்ல, அந்தப் போட்டோதான். அப்புறம் ஆளுங்க ஓடுறாங்க. இந்தக் கதவுல போறாங்க, அந்தக் கதவுல வர்றாங்க. ரத்தப் பை போவுது, இன்னொரு பை போவுது. நான் எண்ணிக்கிட்டே நின்னேன். ஏழு. யாரும் என்கிட்ட நின்னு பேசல.

— ஐயோ சாமி.

— அப்புறம் டாக்டரம்மா வந்தாங்க. ரத்தம் நிக்கல, மருந்து குடுத்துப் பாத்தாச்சு, தச்சுப் பாத்தாச்சு, இனிமே எடுத்தாத்தான் உசுரு நிக்கும், கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னாங்க. குடுத்த பாரம், அந்தத் தாளு, மலாய்ல இருந்துச்சு. ரஹிம்னு போட்டிருந்துச்சு. மலாய்ல கர்ப்பப்பைக்கு அதான் பேருன்னு எனக்குத் தெரியும் அக்கா, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா அந்த நேரத்துல எங்க செம்பனை மில்லு கேட்டுல காவலுக்கு நிக்கிறாரே ரஹிம், அவரு மொகம்தான் வந்துச்சு. ரஹிம எதுக்கு எடுக்கணும், அவரு என்ன பண்ணாருன்னு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.

— போட்டீங்களா?

— போட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்க அவ முழிச்சிக்கிட்டு இல்ல.

— வண்டிய ஓரமா நிறுத்துங்க மாப்ள.

— வேணாம் அக்கா. நிறுத்துனா என்னால திரும்ப எடுக்க முடியாது. போயிக்கிட்டே இருப்போம்.

— இது அவளுக்கு...

— தெரியாது.

— அஞ்சு நாளாவா? அஞ்சு நாளா ஒரு பொம்பள ஒடம்புல இருந்து ஒண்ண எடுத்துட்டு அவகிட்ட யாரும் சொல்லலியா?

— நான்தான் டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன். நான் சொல்றேன், ஒரு நாள் குடுங்க, அவ கண்ணு முழிச்சு புள்ளைய ஒரு நாள் நல்லாப் பாக்கட்டும், அப்புறம் நானே சொல்றேன்னு. சரின்னாங்க. திங்கக்கெழம சொல்லத்தான் போனேன். புள்ளைய நெஞ்சுல போட்டுக்கிட்டு அவ சிரிக்கிறா. சிரிச்சிக்கிட்டே சொல்றா, "ஏங்க, இந்தத் தடவை அறுத்துட்டாங்க, அடுத்த தடவை நான் தானாவே பெத்துக்குறேன், பாருங்க"ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரின்னு சொன்னேன்.

— அட பாவி மனுசா.

— சரின்னு சொல்லிட்டு, பேடு வாங்கணும்னு வெளிய ஓடிட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் அக்கா. கடைக்குள்ள இருந்தா கொஞ்சம் மூச்சு விட முடியுது. இது இருக்கா, அது இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கலாம். வார்டு வாசல்ல கால வச்சா, அவ திரும்பவும் அடுத்ததப் பத்திப் பேசிருவாளோன்னு அடுத்த சாமானத் தேடி ஓடிர்றேன்.

— பேசுனாளா?

— இல்ல. அப்புறம் பேசல. சாமான்தான் சொல்றா. நல்லதாப் போச்சுன்னு நானும் வாங்கிக்கிட்டே இருக்கேன்.

— மாப்ள, அவ ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. தன் ஒடம்பு அவளுக்குத் தெரியாதா? இதை யாராச்சும் வேற ஆளு சொல்லி அவ தெரிஞ்சிக்கிட்டா, காலத்துக்கும் உங்கள நம்ப மாட்டா.

— தெரியும் அக்கா.

— தெரிஞ்சும் மீன் வாங்கப் போறீங்க.

— இதோ வந்துருச்சு. அந்த நீலக் கேட்டுதான் சேது வீடு. ரெண்டே நிமிஷம். நீங்க எறங்க வேணாம், சேறு.

— போங்க. போய் எடுத்துட்டு வாங்க. நான் எங்க எறங்க, காலை அசைக்க முடியாமத்தான உக்காந்து இருக்கேன்.

— அக்கா, இந்தாங்க மீனு. வாளிய உங்க காலுக்கு நடுவுல வச்சிக்குங்க. பிளாஸ்க்க இப்படிக் குடுங்க. மூடிய அழுத்திப் புடிங்க, துள்ளும்.

— ஐயையோ! எத்தன இருக்கு உள்ள?

— நாலு. பெரிய மீனு. சேது டுயிட் வேணாம், காசெல்லாம் எதுக்குன்னுட்டான். புள்ளைக்கு என் சார்பா குடுன்னு சொல்லிட்டான்.

— இது மீனா, பாம்பா? மூடியத் தூக்குது பாருங்க. நான் ஒரு கையில தலகாணி, ஒரு கையில வாளி. ஓட்டுங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க. மணி பதினொன்னரை.

— செக்கிஞ்சான்ல வெளக்கெண்ணெய்...

— ஒரு எண்ணெயும் வேணாம்.

— அவ கேட்டாளே அக்கா.

— நல்லா ஞாபகப்படுத்துனீங்க. நேத்து அவ கட்டில் பக்கத்து அலமாரியில நான் என்ன வச்சேன் தெரியுமா? சுங்கை சோவுல இருந்து கொண்டாந்த வெளக்கெண்ணெய். செக்குல ஆட்டுனது. அவ கண்ணு முன்னாடிதான் வச்சேன். "இதை வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கலாம்டி"ன்னு சொன்னேன், "சரிக்கா"ன்னு சொன்னா. இப்ப உங்கள செக்கிஞ்சான் முழுக்கத் தேடச் சொல்றா.

— மறந்திருப்பா. மயக்க மருந்து குடுத்தாங்கல்ல.

— அஞ்சு நாளைக்கா மயக்கம்? என்னமோ எனக்குப் புடிபடல. திரும்பவும் அடிக்கிறா பாருங்க. எடுங்க.

— ஹலோ விமலா! மீன் வாங்கியாச்சு! நாலு!

— வாங்கிட்டீங்களா. அதுக்குள்ளயா?

— ஆமா, சேது எடுத்து வச்சிருந்தான்.

— ஏங்க... பனங்கற்கண்டு வேணும்ங்க. தொண்டை கரகரன்னு இருக்கு.

— பனங்கற்கண்டா? சரி, எங்க கெடைக்கும்?

— தெரியல. ரவாங் பக்கம் ஒரு கடை இருக்குன்னு சொன்னாங்க.

— ரவாங்கா? அங்க போயிட்டு வந்தா மூணு மணி தாண்டிரும்மா.

— பரவால்லீங்க. மிஸ்ஸிகிட்ட நான் சொல்லிக்கிறேன். சாயங்காலம்கூட வரலாம்.

— அப்படின்னா சரி, நான்...

— விமலா, நான் அக்கா பேசுறேன். ஒரு பனங்கற்கண்டும் இல்ல. நாங்க நேரா வர்றோம். துணியெல்லாம் எடுத்து வச்சுட்டுத் தயாரா இரு.

— அக்கா, இல்ல, அவரு கொஞ்சம் மெதுவா...

— வச்சிட்டேன். மாப்ள, நீங்க இப்ப ரவாங்குக்கு வண்டியத் திருப்புனீங்கன்னா, இந்த மீனோட எறங்கி நான் பஸ் ஏறிருவேன். சொல்லிட்டேன்.

— திருப்பல அக்கா.

— இன்னிக்கு அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். இனிமே கால்மாட்டுல நின்னுட்டு ஓட முடியாது. ஒரே கட்டிலு. நாப்பது நாளும் அவளுக்குக் குளிக்க ஊத்தணும், மருந்து குடுக்கணும், எழுப்பி உக்கார வைக்கணும். மனசுல இத வச்சிக்கிட்டு எப்படிச் செய்வீங்க? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?

— நான்தான் சொல்லணும். கையெழுத்துப் போட்டது நான்.

— அப்ப என்கிட்ட சொல்லிப் பாருங்க. நான்தான் விமலான்னு வச்சிக்குங்க.

— நீங்க அவ மாதிரி இல்ல அக்கா.

— கண்ணு ரோட்டுல இருக்கட்டும். வாயத் தொறங்க.

— விமலா... டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா...

— டாக்டர இழுக்காதீங்க. நீங்க சொல்லுங்க.

— விமலா, அன்னிக்கு உனக்கு ரத்தம் நிக்கல.

— ம். அப்புறம்?

— அப்புறம்... நாலு புள்ள வேணும்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, அது சும்மா வெளையாட்டுக்கு.

— இதுலயும் பொய்யா? அவ உங்க கூட நாலு வருஷம் குடும்பம் நடத்துனவ. வெளையாட்டா ஆசையான்னு அவளுக்குத் தெரியாது?

— வெளையாட்டு இல்ல. ஆசைதான். தோட்டத்து லயத்துல நான் ஒத்தப் புள்ளையா வளந்தவன். பக்கத்து வீட்டுல எட்டுப் பேரு. பந்து வெளாடணும்னா அவங்க கதவத்தான் தட்டணும். அவங்களுக்கு வெளாட ஆள் பத்தலன்னாத்தான் என்னைய சேப்பாங்க. என் வீட்டுல ஆள் நெறைய இருக்கணும்னு அப்பவே நெனச்சேன். அத உன்கிட்ட ராவும் பகலும் சொல்லி உன் தலையில ஏத்திட்டேன்.

— ம். சொல்லுங்க.

— ஆனா அந்தப் பாரத்தக் கையில குடுத்தப்ப, அந்த நாலு புள்ளையும் என் நெனப்புக்கு வரவே இல்ல விமலா. ஒண்ணுகூட வரல. நீ மட்டும்தான் வந்த. காலையில ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப ஒரு செருப்பக் காணோம்னு தேடிக்கிட்டு நின்னியே, அப்படி வந்து நின்ன. பேனா எழுதல. கையில உதறி உதறி எழுதுனேன். நீ கோவப்பட்டாலும் பரவால்ல. கோவப்பட நீ இருக்கணும்னுதான் போட்டேன். அக்கா? சரியா இல்லியா? மாத்தணுமா?

— ஒண்ணும் மாத்தாத தம்பி. இப்படியே போய் சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத.

— நீங்க அழுவுறீங்க.

— நீ ரோட்டப் பாரு. மூடியப் புடிச்சுப் புடிச்சுக் கை மரத்துப் போச்சு, அதான்.

— அக்கா, அவ அழுதா நான் என்ன செய்யணும்?

— அழ விடு. எழுந்து ஓடிராத. கடைக்குப் போறேன்னு சொல்லாத.

— அவ திட்டுனா?

— வாங்கிக்க. அவ ஒடம்பு, அவ திட்டட்டும். பேசாம இருந்தா நீயும் பேசாம உக்காரு. புள்ள அழுதா மட்டும் எழுந்திரு.

— சரி.

— பாலம் வந்துருச்சு. நேரா போ. டவுனுக்குள்ள நுழையாத, உனக்குக் கடையப் பாத்தா கை கால் ஆடும்.

— போன் அடிக்குது அக்கா.

— அவதான். எடுக்காத, நேருல பேசிக்கலாம்.

— இல்ல. இனிமே எடுக்காம இருக்க முடியாது. ஓரங்கட்டுறேன். ஹலோ. விமலா.

— எங்க இருக்கீங்க?

— கோலா சிலாங்கூர் தாண்டிட்டேன். நேரா அங்கதான் வர்றேன். ரவாங்குக்குப் போவல.

— ஓ.

— விமலா, தூங்குனியா? தையல் வலிக்குதா?

— என்னங்க திடீர்னு?

— கேக்கல நான், அஞ்சு நாளா கேக்கவே இல்ல. வலிக்குதாம்மா?

— வலிக்குது. திரும்பிப் படுத்தா வலிக்குது.

— பாப்பா?

— தூங்குறா. ஏங்க, அந்த... சின்னத் துண்டு வேணும். பாப்பாவுக்குத் தொடைக்க. வழியில...

— துண்டு பன்னெண்டு இருக்கு விமலா. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வண்டி ஓட்டும்போது வேணாங்க.

— நிறுத்திட்டேன். ரோட்டோரம் நிக்கிறேன். அக்கா பக்கத்துல இருக்காங்க. வந்து ஒக்காந்து சொல்லணும்னுதான் நெனச்சேன், ஆனா அந்த வார்டு வாசலத் தாண்டுனா பைய அவுத்துச் சாமானக் காட்டிட்டு ஓடிருவேன். ஞாயித்துக்கெழம ஒரு பாரத்துல நான்...

— ஏங்க.

— இரு, என்னைய முடிக்க விடு, இல்லன்னா என்னால...

— ஏங்க, புதன்கெழமயே டாக்டரம்மாகிட்ட நான் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். நாலு புள்ளைய எதிர்பாத்த உங்க மொகத்த எப்படிப் பாக்குறதுன்னு பயந்துதான் ஒவ்வொரு சாமானாச் சொல்லி உங்கள வெளியில அனுப்பிக்கிட்டே இருந்தேன், இனிமே கேக்குறதுக்கு எனக்கு ஒரு சாமான் பேரும் ஞாபகத்துக்கு வரல, வந்துருங்க.